நேசம்மா எழுதிய வசனம்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கே கனகசபை குளித்து, திருநீறு பூசி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை முன் வந்து உட்கார்ந்துவிட்டார். மேசையில் சாப்பாடு இல்லை. சிவப்பு நாடா கட்டிய காகிதக் கட்டு ஒன்றுதான் இருந்தது.

"வா பிள்ளை, தொடங்குவம்," என்றார்.

அந்தக் கட்டு என்னவென்று தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்பதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா என்று ஆராய அரசாங்கம் ஒரு தலைவரும் ஐந்து அங்கத்தினரும் கொண்ட கமிட்டி ஒன்றை நியமித்திருந்தது. அந்த ஐவரில் ஒரே தமிழர், ரயில்வேயில் முப்பது வருஷம் பிறர் எழுதியதில் பிழை பிடித்துப் பென்ஷன் வாங்கிய கனகசபை. அவருடைய ஒரே மகள் நேசம்மாவின் கணவன் விநாயகமூர்த்தியோ, வெள்ளைக் கொக்கு மார்க் சிகரெட் விற்கும் மெரிடித் கம்பெனியின் ஏஜெண்டு. ரப்பர் விலை விழுந்த காலத்தில் வேலை போய், இரண்டு வருஷம் மாமனார் வீட்டுச் சோற்றைத் தலை குனிந்து சாப்பிட்டவன். போன வருஷம் இந்த உத்தியோகம் கிடைத்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தான்.

கனகசபை எதையும் மறைக்கவில்லை. நியமனக் கடிதம் வந்த அன்றே கமிட்டித் தலைவரான வெள்ளைக்கார டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். "உமது மருமகன் எங்கே வேலை செய்தால் என்ன? உமக்கு அதில் சம்பந்தம் இல்லையே? அப்படியானால் கமிட்டியில் இரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை டவுன் ஹாலில் கடைசி விசாரணை. அன்றே முடிவு. அங்கத்தினரில் இரண்டு பேர் சட்டம் வேண்டும் என்றும், இரண்டு பேர் வேண்டாம் என்றும் வெளிப்படையாகவே பேசிவிட்டார்கள். தலைவருக்கு வாக்கு இல்லை. கனகசபை மட்டும் வாய் திறக்கவில்லை. ஆனால் தகப்பன் எந்தப் பக்கம் என்பது நேசம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசல் கடையில் சிகரெட் ஒவ்வொன்றாக விற்பதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அவருக்குக் கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. இன்னும் ஒரு மாதம் எதையும் வாசிக்கக் கூடாது என்பது வைத்தியர் கட்டளை. அதனால் கமிட்டிக்கு வந்து அந்தக் கட்டில் கிடந்த மனுக்களை வாசிக்கும் வேலை நேசம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

முதல் மனு, சட்டம் வேண்டாம் என்று கோலாலம்பூர்ச் சில்லறைக் கடைக்காரர்கள் அனுப்பியது. நேசம்மா நிதானமாக வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது.

"தகப்பன் கை எட்ட வேண்டிய இடத்துக்குப் பொலீஸ்காரன் கை நீள்வது வீட்டுக்கே அவமானம்."

அவள் அந்த வரியோடு நின்றுவிட்டாள்.

"நல்ல தமிழ்," என்றார் கனகசபை. "எனக்கு ஒத்துவராத கதைதான். எண்டாலும் எழுதினவனுக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு. மேலை வாசி."

மேலே வாசித்தாள். எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன, மனதில் ஒன்றும் ஏறவில்லை. அந்த வசனத்தை எழுதியது அவள்தான்.

மூன்று மாதத்துக்கு முந்திய ஒரு மழை நாள். விநாயகமூர்த்தி ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டான். வாலிபர் சங்கத்தில் 'சட்டமா, பெற்றோரா' என்று ஒரு விவாதமாம். அவன் பெற்றோர் கட்சியாம். "நீர் படிப்பிச்சனீர்தானே. கேட்டவை மறக்காத மாதிரி ரெண்டு வசனம் எழுதித் தாருமன்." கல்யாணத்தோடு பள்ளிக்கூட வேலையை விட்ட நேசம்மா, ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பேனாவை ஒரு காரியத்துக்காகத் தொட்டாள். எழுதி, அடித்து, திரும்ப எழுதினாள். அவன் அதை இரண்டு தரம் உரக்க வாசித்துவிட்டு, "எங்கடை வீட்டிலை ஒரு எழுத்தாளர் இருக்கிறா" என்றபோது அவளுக்குக் கன்னம் சுட்டது. அந்தச் சந்தோஷம் பல நாள் அவளோடு இருந்தது.

இரண்டாவது மனு, ஒரு கோயில் திருவிழாக் கமிட்டியுடையது. வேறு காகிதம், வேறு கையெழுத்து. ஆனால் நடுவில் அதே வசனம்.

மூன்றாவது, கிள்ளான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தாய்மார் நாற்பது பேர் அனுப்பிய மனு. அதிலும் அது இருந்தது. நேசம்மா அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள்.

"நில்," என்றார் கனகசபை. "ஒரு வரியை விட்டிட்டாய்."

"இல்லை ஐயா..."

"மூச்சு தடக்கினது கேட்டது. வாசி."

வாசித்தாள். கனகசபை மேசையில் விரலால் மூன்று தரம் தட்டினார்.

"கோலாலம்பூர்க் கடைக்காரனும், கோயில்காரரும், கிள்ளான் தாய்மாரும் ஒரே வசனத்தை யோசிச்சிருக்கினம். மூண்டு பேர் ஒரே கனவு காண மாட்டினம் பிள்ளை. தாய்மார் என்னண்டு ஒப்பம் வச்சிருக்கினம்?"

"எல்லாம் கைநாட்டு."

"முதல் பேர் ஆர்?"

"பவுனம்மாள். கொப்பரைக் களத்திலை வேலை."

"பத்து மணி ரயிலுக்கு நீ கிள்ளானுக்குப் போ. இந்த மனுவை ஒரு பிரதி எழுதிக்கொண்டு போய் அவளுக்கு வாசிச்சுக் காட்டு. தான் சொன்னதுதானோ எண்டு கேள். எனக்குக் கண் இருந்தால் நானே போவன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். நேசம்மா வாயைத் திறந்தாள். பிறகு, "சரி ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

தன் வசனத்தைத் தன் கையாலேயே மறுபடி பிரதி எடுப்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

ரயில் பத்து தீகா ஸ்டேஷனைத் தாண்டும் வரைக்கும் அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். விவாதத்தில் பேசியதைக் கேட்ட யாராவது எடுத்து எழுதியிருக்கலாம். நல்ல வசனம் வாய்க்கு வாய் போகும். அவருக்கே தெரியாமல் நடந்திருக்கலாம்.

கிள்ளானில் இறங்கிப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்ததும் அந்தச் சமாதானம் நின்றுபோயிற்று. அத்தாப்பு ஓலைக் கூரை ஒரு பக்கம் சரிந்த பழைய கொட்டகை. அதன் பக்கத்தில் புதுச் செங்கல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. சிமெண்டு மூட்டைகளின் மேல் தார்ப்பாய். நட்டுவைத்த பலகையில் வெள்ளைக் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. 'மெரிடித் கம்பெனியாரின் தருமம்' என்று கீழே எழுதியிருந்தது.

எதிரே ஒரு சில்லறைக் கடை. சிகரெட் பற்றவைக்கிற கயிறு, நுனி கனிந்தபடி, வாசல் தூணில் தொங்கியது. பெரியவர்கள் குனிந்துதான் அதில் பற்றவைக்க வேண்டும். அவ்வளவு தாழ்வாக அதைக் கட்டியிருந்தார்கள்.

கொப்பரைக் களம் பின்னால்தான். வெயிலில் பாதித் தேங்காய்கள் வரிசை வரிசையாக வாய் பிளந்து கிடந்தன. பவுனம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். கை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு.

"நீங்க யாரும்மா? கோலாலம்பூரு டீச்சரம்மாவா?"

"டீச்சராக இருந்தனான். ஒரு மனுவிலை உங்கடை கைநாட்டு இருக்குது. அது விஷயமா வந்தனான்."

"ஆமா, வச்சேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தர்றதா சொன்னாங்க. பொம்பளைங்க நாப்பது பேரும் வரிசையா நின்னு வச்சோம்."

"அதிலை என்ன எழுதியிருக்குது எண்டு சொன்னவையோ?"

"கட்டடம் வேணும்னுதானே எழுதியிருக்கும்?"

நேசம்மா பிரதியைப் பிரித்து வாசித்தாள். சிறு பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்பதைத் தடுக்கும் சட்டம் தாய்மாராகிய எங்களுக்கு வேண்டியதில்லை என்று தொடங்கியது. பவுனம்மாள் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டாள். அந்த வசனம் வந்தபோது கையை உயர்த்தினாள்.

"அத இன்னொரு வாட்டி படிங்கம்மா."

படித்தாள்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றாள் பவுனம்மாள். "அப்பன் கையின்னு சொல்றீங்க. எம்மவன் ரெங்கசாமிக்கு அப்பன் செத்து நாலு வருசமாச்சு. நான் வெளிச்சம் வர்றதுக்கு முன்னால களத்துக்கு வந்தா வெளக்கு வைக்கிறப்பதான் வீட்டுக்குப் போறேன். எந்தக் கையம்மா எட்டும்?"

நேசம்மா பிரதியை மடித்தாள்.

"அந்தச் சிகரெட்டுப் பொட்டியில படம் போட்ட சீட்டு ஒண்ணு வருதில்ல, ஆகாயக் கப்பலு, மோட்டாரு... இருவத்தஞ்சும் சேத்தா பந்து குடுக்குறாங்களாம். சீட்டுக்காகத்தான் வாங்க ஆரம்பிச்சான். வாங்குனத வீசவா முடியும்? ஊதுறான். பத்து வயசு. ராத்திரியெல்லாம் இருமுறான்." அவள் எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்தாள். "இத எழுதுனவுகள நான் பாக்கணும். எங்க வாயில வராத பேச்ச எங்க பெருவெரல்ல ஒட்டி வச்சவுக யாருன்னு பாக்கணும்."

"அந்த வசனத்தை எழுதினது நான்தான்," என்றாள் நேசம்மா.

எப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தகப்பனிடம் வராத வார்த்தை, இன்று பார்த்த ஒருத்தியிடம் வந்துவிட்டது. இதற்குத்தான் என்று தெரியாமல் எழுதியதையும், யார் கேட்டு எழுதியதையும் சொன்னாள். பவுனம்மாள் கோபிப்பாள் என்று நினைத்தாள். அவள் கோபிக்கவில்லை. நேசம்மாவின் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எழுதத் தெரியும். எனக்குப் பெருவெரல உருட்டத்தான் தெரியும். ரெண்டு பேரையும் ஒரே ஆளு ஏமாத்திட்டான் போல."

"திங்கட்கிழமை டவுன் ஹாலுக்கு வந்து, இதை நாங்கள் சொல்லேல்லை எண்டு சொல்லுவீங்களோ?"

பவுனம்மாள் செங்கல் அடுக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா அந்தக் கல்ல ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க இல்ல?"

"போகலாம்."

"மழையில புள்ளைங்க புத்தகத்த வயித்துல வச்சு மூடிக்கிட்டு நிக்குதும்மா. நாப்பது பேருக்கும் நான் எப்படிப் பதில் சொல்றது?" களத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "யோசிக்கிறேம்மா. வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு நேசம்மா திரும்பியபோது ஐந்தரை மணி. அடுத்த வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கனகசபை கந்தசுவாமி கோயிலுக்குப் போயிருந்தார். வாசலில் கொக்குப் படம் போட்ட கம்பெனிக் கார். விநாயகமூர்த்தி உள்ளே கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டிருந்தான்.

"எங்கை போட்டு வாறீர்?"

"கிள்ளானுக்கு. பவுனம்மாள் எண்ட மனிசியைப் பாக்க."

அவன் கை கழுத்திலேயே நின்றுவிட்டது.

"வாலிபர் சங்கத்திலை விவாதம் எண்டு சொன்னியள்," என்றாள்.

"விவாதம் நடந்தது நேசம். நான் பேசினதும் உண்மை. கை தட்டினவை. அதை மனேஜர் துரைக்கு இங்கிலீசிலை சொன்னன். அவர் எழும்பி நிண்டு எனக்குக் கை தந்தவர். எனக்கு! ரெண்டு வருஷம் ஒருத்தரும் இருக்கச் சொல்லிக் கதிரை காட்டாத எனக்கு." அவன் குரல் இறங்கியது. "இந்த வசனம் எல்லா மனுவிலும் வரவேணும் எண்டு சொன்னார். முடியாது எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"கைநாட்டு வச்ச தாய்மாருக்கு வாசிச்சுக் காட்டினியளோ?"

அவன் ஜன்னலுக்குப் போனான்.

"இண்டைக்கு ஐயாவுக்குச் சொல்லப் போறன்," என்றாள் நேசம்மா.

"சொல்லாதையும்!" சட்டென்று திரும்பினான். "கொஞ்சம் கேளும். ஆர் எழுதினது எண்டு துரை கேட்டார். பெருமையிலை என்ரை மனிசி எண்டு சொல்லிப்போட்டன். அப்ப மாமா கமிட்டியிலை இல்லை. பிறகு மாமாவின்ரை பேர் வந்தவுடனை துரை சிரிச்சார். ஏன் சிரிச்சார் எண்டு எனக்கு நேற்றுத்தான் விளங்கினது. மாமா சட்டம் வேணும் எண்டு வாக்குப் போட்டால், கம்பெனி லோயர் எழும்பி, இந்த மனுவை எழுதினதே அங்கத்தினரின்ரை மகள்தான் எண்டு சொல்லுவாராம். மாமா ரெண்டு பக்கமும் விளையாடுறார் எண்டு பேப்பரிலை வரும். மாமா பேசாமல் இருந்தால் அவையும் பேச மாட்டினம்."

"அப்ப நாங்களே முதலிலை சொல்லிவிட்டால்?"

"மாமா கமிட்டியிலை இருந்து விலகி எழும்ப வேணும். வேறை வழியில்லை. ரெண்டுக்கு ரெண்டு. சமமாய் வந்தால் கமிட்டி ஒண்டும் சிபாரிசு செய்யாது. கடைக்காரன் பழையபடி வித்துக்கொண்டிருப்பான்." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "எப்பிடிச் சுத்தினாலும் அவைக்குத்தான் வெற்றி நேசம். உம்முடைய உண்மையும் அவைக்குத்தான் உதவும்."

நேசம்மா விளக்கை ஏற்றினாள். புருஷன் சொன்னது முழுவதும் உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது. பொய்யனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். கை குலுக்கிய ஒரு மனிதனுக்காக இவ்வளவும் செய்தவனை என்ன செய்வது?

வாசலில் செருப்புச் சத்தம். கனகசபை வந்துவிட்டார்.

"பிள்ளை வந்திட்டியோ? அந்த மனிசி என்ன சொன்னாள்?"

"தங்களுக்கு ஒண்டும் தெரியாதாம் ஐயா. கட்டடத்துக்கு எண்டு கைநாட்டு வாங்கியிருக்கினம்." நேசம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "அந்த வசனத்தை எழுதினது ஆர் எண்டும் தெரிஞ்சுபோச்சு. நான்தான்."

கனகசபை கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரைக்கும், லோயர் சொல்லப்போவது உட்பட, அவர் குறுக்கே பேசவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாதது நேசம்மாவுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"காலமை நல்ல தமிழ் எண்டு சொன்னன்," என்றார் கடைசியில். "என்ரை மகளின்ரை எழுத்து எனக்கு அடையாளம் தெரியேல்லை. அதுவும் ஒரு குருடுதான்."

"ஐயா, நான் சொன்னதாலை நீங்கள் எழும்ப வேண்டி வரும்."

"எழும்பத்தான் வேணும். நாளைக்கே தலைவருக்குக் கடிதம் போகும்."

"மாமா," விநாயகமூர்த்தி எழுந்து நின்றான். "நீங்கள் எழும்பினால் சட்டம் வராது. அவை எதிர்பாக்கிறதே அதைத்தான்."

"இருங்கோ தம்பி." அவர் குரலில் கோபம் இல்லை. அது விநாயகமூர்த்தியை இன்னும் குறுக்கியது. "அங்கத்தினர் கதிரையிலை இருந்தால் எனக்கு ஒரு வாக்கு. அதுக்கு மேலை வாய் திறக்க முடியாது. எழும்பி இந்தப் பக்கம் வந்து சாட்சியா நிண்டால், நானும் கதைக்கலாம், என்ரை மகளும் கதைக்கலாம். ஒரே வசனம் மூண்டு மனுவுக்குள்ளை எப்பிடிப் போனது எண்டு சபையிலை சொல்லலாம். வேண்டாம் எண்டு நிக்கிற அந்த ரெண்டு பேருக்கும் பிள்ளையள் இருக்கினம். அவையின்ரை காதிலை இது ஏறாது எண்டு ஆர் சொல்ல முடியும்? தோக்கலாம். தோத்தாலும் லோயர் எழும்பிச் சொல்ல ஒண்டும் மிச்சம் இருக்காது."

அவர் அறைக்குள் போனார். கதவை மூடவில்லை.

நேசம்மா மேசையில் புதுக் காகிதம் ஒன்றை வைத்து எழுதத் தொடங்கினாள். விலாசம், தேதி, தன் பெயர். இந்தத் தடவை வசனம் அழகாக வரவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. எழுதியது நான், எழுதிய நாள் இது, இதற்கென்று தெரியாமல் எழுதினேன், தாய்மார் சம்மதம் இதில் இல்லை. பேனா நிற்காமல் ஓடியது. 'இதை எழுதித் தரும்படி என்னைக் கேட்டவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

விநாயகமூர்த்தி அவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தான்.

"என்ரை பேரைப் போடப் போறீரோ?"

"போடாமல் விட்டால் இது அரை உண்மை."

"போட்டால் திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. திரும்பவும் இந்த மேசையிலை..." அவன் முடிக்கவில்லை.

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த இரண்டு வருஷத்தில், அவன் சோற்றுக் கோப்பையில் மீனை முதலில் வைத்தது அவள். அவன் தலை நிமிராததைக் கண்டும் காணாததுபோல் இருந்ததும் அவள்தான்.

"நான் போட மாட்டன்," என்றாள். "அதுக்காக வேறை பேரும் எழுத மாட்டன். இடத்தை விட்டு வச்சிருக்கிறன். நீங்கள் எழுதினால் நீங்கள் சாட்சி. நான் எழுதினால் நீங்கள் குற்றவாளி."

பேனாவை அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, விழுந்து கிடந்த கைத்தடியை எடுத்துக்கொண்டு தகப்பனின் அறைக்குப் போனாள்.

வெளியே யாரோ கார் வாசலை மறைப்பதாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். விநாயகமூர்த்தி வெளியே போகவில்லை. கம்பெனிக் கார்ச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். பிறகு உட்கார்ந்து, காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மேலிருந்து மறுபடி ஒரு தரம் வாசிக்கத் தொடங்கினான்.